எதிர்க் கோலடியில் ஓர் ஆள்: உப்புவெளியில் கண்ட அந்தீஸ் நெசவு

ஆவணி விடுமுறையின் கடைசிச் சனிக்கிழமை திரியாயிலிருந்து உப்புவெளிக்குப் போனேன். அங்கே ஒரு விடுதியில் வேலை செய்யும் சித்தி முதல்நாள் தொலைபேசியில், "உன்ரை புத்தகத்திலை கிடக்கிற மாதிரி ஒரு பிள்ளை இடுப்பிலை நூலைக் கட்டிக்கொண்டு நெய்யுது. நாளையிண்டைக்குப் போயிடும்" என்றார். தென் அமெரிக்காவின் அந்தீஸ் மலைநாட்டு நெசவைப் பற்றிய அந்தப் புத்தகத்தை நூலகத்தில் நான்கு தடவை எடுத்திருக்கிறேன். அதைப் பார்த்து மூன்று பட்டிகள் நெய்தேன். மூன்றும் ஒரு பக்கம் வளைந்துவிட்டன. ஏனென்று கேட்க ஆளில்லை. வகுப்பில் இந்தக் கதையை எடுத்தால் மற்றப் பிள்ளைகள் மெல்ல எழும்பிப் போய்விடுவார்கள்.

காலை 7.10 பேருந்து. ஏறக்குறைய நாற்பது கிலோமீற்றர், ஒன்றேகால் மணித்தியாலம், 170 ரூபா.

சித்தி சொன்ன பிள்ளை லூசியா அக்கா, விடுதியில் தங்கியிருந்த பயணி; பெரு நாட்டு மலைப்பகுதியின் கெச்சுவா இனப் பெண். எங்கள் இருவருக்கும் அரைகுறை ஆங்கிலம்தான். நான் போனபோது தறியே இல்லை. நெய்து முடித்த பட்டியை இடுப்பில் கட்டியிருந்தார். எனக்கு அழுகை வரப் பார்த்தது. என் வளைந்த பட்டியை நீட்டினேன். ஓரத்தை விரலால் தடவி, நெய்யுமுன் நீள நூலை, அதாவது பாவை, ஓட்டும்போது எதிரே இருந்தது யார் என்று கேட்டார். ஒருவருமில்லை, நிலத்தில் அடித்த இரண்டு கோல்களுக்கும் இடையில் நானே நூலோடு நடந்தேன் என்றேன். அவர் சிரிக்கவில்லை. அவர் ஊரில் இரண்டு பேர் எதிரெதிரே நிலத்தில் இருந்து, நூலுருண்டையை மாறி மாறி எறிந்துதான் ஓட்டுவார்களாம். தனியே நடந்தால், களைக்கக் களைக்க நூல் தளருமாம். அவர் ஊரிலிருந்து ஓட்டிக் கொண்டுவந்த பாவு முடிந்துவிட்டது. பயணம் தொடங்கிய ஐந்து மாதமாக அவருக்கும் எதிரே இருக்க ஆள் கிடைக்கவில்லை.

சித்தியையும் முன்பு கேட்டுப் பார்த்திருக்கிறார். "எனக்குக் கட்டில் விரிப்பு மாத்தவே நேரமில்லை. இவள் புத்தகத்துக்கை பிறந்தவள், இவளைப் பிடியுங்கோ" என்று அந்த வழியால் வந்த சித்தி தமிழிலேயே சொல்லிவிட்டுப் போனார்.

மணலில் கோல் நிற்கவில்லை. கிணற்றடியில் இறுகிய நிலத்தில் அடித்தோம். ஒன்றரை மணித்தியாலம் உருண்டை போய் வந்தது. அதிகம் கதைக்கவில்லை. நான் நூலைத் தளர்த்தினால் அவர் பக்கத்திலிருந்து மெல்லிய இழுப்பு வரும். முடிந்ததும் பாவைச் சுருட்டிப் பைக்குள் வைத்தார். இனி மூன்று மாதத்துக்கு இது போதும் என்றார். நான் 2.15 பேருந்தில் திரும்பினேன்.

பேருந்தில் போகிறவர்கள் கடலைப் பார்க்க இடப்பக்கம் இருங்கள். தண்ணீர் கொண்டுபோங்கள். நெய்கிறவர்களைப் படமெடுக்குமுன் கேளுங்கள்.

வீட்டு முற்றத்தில் நானும் இரண்டு கோல் அடித்திருக்கிறேன். அம்மா ஏழு தடவை எறிந்துவிட்டு, காயப்போட்ட நெல்லைப் பார்க்கப் போய்விட்டார். நூல் அப்படியே நிற்கிறது. என் வகுப்பில் யாராவது இதை வாசித்தால், ஒன்றரை மணித்தியாலம் போதும். கதைக்க வேண்டியதில்லை. எதிர்க் கோலடியில் பாய் விரித்திருக்கிறேன்.