வாசலில் போட்ட நாற்காலி

சென்னையில் லஸ் பக்கத்துச் சந்தில் முத்தம்மாவும் ஆலிஸும் சேர்ந்து நடத்தும் இட்லிக் கடைக்குப் பெயர்ப் பலகை கிடையாது. முத்தம்மா இட்லி ஊற்றுவாள். சட்னியும் வடகறியும் ஆலிஸ் பொறுப்பு. கூட்டம் ஓய்ந்ததும் இருவரும் ஒரே தட்டில் சாப்பிடுவார்கள். எங்கெங்கோ சுற்றிவிட்டு வந்த நான், எழுந்து போகத் தோன்றாமல் உட்காரும் இடம் அது ஒன்றுதான்.

இருவருக்கும் ஒரே ஊர், செய்யாறு பக்கம். ஒன்று என்று பேருக்குத்தான். கோயிலைச் சுற்றி நிலபுலன் உள்ளவர்களின் தெருக்கள், ஓரத்தில் சலவைக்காரர் வீடுகள், அது ஊர், முத்தம்மாவின் பக்கம். ஏரிக்கால்வாயைத் தாண்டினால் தகரக்கூரை மாதா கோயிலும் ஆலிஸின் சனங்களும், அது காலனி. இரண்டிலும் இப்போது வயதானவர்களும் பள்ளிப் பிள்ளைகளும்தான் மிச்சம். மற்றவர்கள் சென்னையில். ஊர்க்காரர்கள் ஆதம்பாக்கத்தில், காலனிக்காரர்கள் கோட்டூர்புரத்தில். கால்வாயையும் கூடவே எடுத்து வந்துவிட்டார்கள்.

முத்தம்மாவின் கணவன் இறந்தபோது ஆதம்பாக்கத்துச் சொந்தங்கள் துக்கம் விசாரித்துவிட்டுப் போனார்கள். ஆலிஸ்தான் தன் கிரைண்டரைத் தூக்கிக்கொண்டு வந்து, "அழுதுக்கினே இருந்தா ஆவுமா? வா யக்கா, கடை போடலாம்" என்றாள்.

அந்தக் கடையின் வருமானத்தில் முத்தம்மா ஊரில் ஒரு மெத்தை வீடு கட்டினாள்.

"நீ வராம பால் காய்ச்ச மாட்டேன்" என்றாள் ஆலிஸிடம்.

"உன் தெருவுக்கா? உன் மச்சினரு என்னைப் பார்த்தா பாலுக்கு முன்னாடி அவரு பொங்கிடுவாரு."

"பொங்குனா தண்ணி தெளிச்சுக்கலாம். நம்ம இட்லி கட்டின வூடு இது, வாடி."

பால் காய்ச்சுவதற்கு முதல் நாளே எல்லோரும் ஒரே வேனில் போனார்கள். ஆலிஸ் காலனியில் சின்னம்மா வீட்டில் தங்கிக்கொண்டாள். காலையில் புதுப்புடவை கட்டி, கையில் குத்துவிளக்கோடு கால்வாயைத் தாண்டி வந்தாள். வீடு நிறையச் சொந்தக்காரர்கள். முத்தம்மா அவசரமாக வெளியே வந்து, வாசலில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

"இங்க காத்து வரும். ஒக்காரு, ஆலீசு."

உள்ளே எல்லோர் கையிலும் எவர்சில்வர் டம்ளரில் பால். ஆலிஸுக்குக் காகிதக் கப்பில் வந்தது. கொண்டுவந்து கொடுத்தவள் முத்தம்மாவேதான்.

ஆலிஸ் குடித்தாள். "பால் நல்லா கீது யக்கா" என்றாள். விளக்கை வாசலிலேயே கொடுத்துவிட்டுத் திரும்பி நடந்தாள்.

"யாராவது சொல்லியிருந்தா சண்ட போட்டிருப்பேன் பாப்பா" என்றாள் முத்தம்மா பிறகு ஒருநாள் என்னிடம். "யாருமே ஒண்ணும் சொல்லல. மச்சினரு கொல்லையில இருந்தாரு. எங்கையி தானாப் போச்சு." அவளாகவே, "வேன்ல டீ குடிக்கத்தான் கப்பு எடுத்தாந்தேன்" என்றாள். நான் அதைப் பற்றிக் கேட்கவே இல்லை.

ஆலிஸ் கடையை விட்டுவிடுவாள் என்று பயந்துகொண்டே முத்தம்மா வேனில் திரும்பியிருக்கிறாள். அது நடக்கவில்லை. மறுநாள் ஆலிஸ் வழக்கம்போல வந்தாள், தேங்காய் உடைத்தாள், வாடிக்கைக்காரர்களைக் கிண்டல் செய்தாள். கூட்டம் ஓய்ந்ததும் தனக்கொரு தட்டு எடுத்துக்கொண்டு தனியே உட்கார்ந்தாள். முத்தம்மா, ஆலிஸ் எப்போதும் குடிக்கும் டம்ளரில் டீ ஊற்றி நீட்டினாள். ஆலிஸ் அதை வாங்கி, வாடிக்கைக்காரர்களுக்கு வைத்திருந்த காகிதக் கப் ஒன்றில் மாற்றிக்கொண்டாள்.

முத்தம்மாவும் ஒரு காகிதக் கப்பை எடுத்தாள்.

"உனக்கு எதுக்கு யக்கா? உனக்குத்தான் டம்ளர் கீதே" என்றாள் ஆலிஸ், கோபமே இல்லாமல்.