வெற்றுத்தாளில் வாங்கிய கையெழுத்து

காக்கி போட்டுப் பன்னிரண்டு வருடம் ஆகிறது. இத்தனை வருடத்தில் செய்த தவறுகளில் பாதிக்கு மேல் யாரோ சொல்லிச் செய்தவை என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். இந்த ஒன்றில் அது செல்லாது. சொன்னது இன்ஸ்பெக்டர்தான். ஆனால் அவர் சொல்லாத ஒன்றையும் நான் சேர்த்துச் செய்தேன். என் ஊர்ப் பேச்சைப் பேசினேன்.

அப்போது ஒரகடம் பக்கம் ஒரு ஸ்டேஷனில் பெண் காவலராக இருந்தேன். வல்லம் வடகால் திருப்பத்தில் ஒரு நாள் கம்பெனி பஸ் ஒன்று பிரேக் பிடிக்காமல் பள்ளத்தில் இறங்கிவிட்டது. ஷிப்டுக்குப் போன பிள்ளைகள் பலருக்குக் காயம். ஓட்டை பஸ்களை மாற்றச் சொல்லி அவர்கள் ஏற்கெனவே இரண்டு முறை மனு கொடுத்திருந்தார்கள். மூன்றாம் நாள், ஒரு திங்கட்கிழமை காலை, இரவு வேலை முடிந்து வந்தவர்கள் எல்லாரும் சர்வீஸ் ரோட்டில் உட்கார்ந்துவிட்டார்கள். மெயின் ரோட்டில் கன்டெய்னர் லாரிகள் எப்போதும் போலப் போய்க்கொண்டுதான் இருந்தன. யாரும் கல்லைத் தொடவில்லை. நான் அங்கே பந்தோபஸ்தில் நின்றேன், எனக்குத் தெரியும்.

மதியம் கலைக்கச் சொல்லி உத்தரவு வந்தது. ஐந்து நிமிடம் அவகாசம் என்று மைக்கில் சொன்னார்கள். ஐந்து நிமிடம் ஆகவில்லை. முன்வரிசையில், பஸ்ஸில் அடிபட்டுக் கையில் மாவுக்கட்டு போட்ட ஒரு ஆள் உட்கார்ந்திருந்தார். அவரால் சட்டென்று எழுந்திருக்க முடியவில்லை. அந்த மாவுக்கட்டின் மேலேயே லத்தி விழுந்தது. சத்தம் கேட்டு நான் திரும்பியபோது சென்டர் மீடியன் மேல் நின்று ஒரு பெண் போனில் அதைப் படம் பிடித்துக்கொண்டிருந்தாள். கம்பெனி யூனிபார்ம் கோட்டு, தலையில் நீலத் தொப்பி. அவளை இறக்கிவிடு என்று இன்ஸ்பெக்டரிடமிருந்து எனக்குச் சைகை வந்தது. நான் போவதற்குள் அவள் கூட்டத்தில் கலந்துவிட்டாள்.

அவள் யார் என்று கண்டுபிடிக்க வெகுநேரம் ஆகவில்லை. மறுநாள் செவ்வாய்க்கிழமை காலை ஜீப்பில் அவள் ஹாஸ்டலுக்குப் போனோம். மொட்டை மாடியில் துணி துவைத்துக்கொண்டிருந்தாள். என்ன விஷயம் என்று கேட்டாள். "சும்மா ஒரு விசாரணை, வா" என்றேன். பெண்ணை இப்படி ஸ்டேஷனுக்குக் கூட்டிக்கொண்டு போகக் கூடாது, விசாரிப்பதென்றால் இருக்கும் இடத்துக்குப் போய்த்தான் விசாரிக்க வேண்டும். பயிற்சியில் இதை எழுதிப் பரீட்சையில் மார்க் வாங்கியவள் நான். கையைப் பிடித்துப் படியில் இறக்கினேன். சோப்பு நுரை என் கையிலும் ஒட்டிக்கொண்டது.

ஸ்டேஷனில் பெண்கள் உதவி மையம் என்று ஒரு சின்ன அறை. அங்கே உட்கார வைத்தோம். எதற்காகப் பிடித்திருக்கிறோம் என்று யாரும் அவளிடம் சொல்லவில்லை. வீட்டுக்குத் தகவல் இல்லை. பதிவேட்டில் பெயர் இல்லை. அந்த அறைக்கு வெளியே, கைதாகிறவருக்கு உள்ள உரிமைகள் என்று வரிசையாக எழுதிய போர்டு இருந்தது. காரணத்தைச் சொல்ல வேண்டும், உறவினருக்குத் தெரிவிக்க வேண்டும், இருபத்து நான்கு மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன்னால் நிறுத்த வேண்டும். அதிகாரி யாராவது பார்வையிட வந்தால் அதைத் துடைத்து வைப்பது என் வேலை.

அன்று மத்தியானம் அவளுக்கு மாதவிலக்கு வந்துவிட்டது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு உட்கார்ந்தாள். எதிரே இருந்த மெடிக்கலில் நாப்கினும் வலி மாத்திரையும் வாங்கிக் கொடுத்தேன். கடைக்காரர் பெயர் கேட்டார், என் பெயரைச் சொன்னேன். பில்லையும் சேர்த்துக் கவரோடு அவளிடம் நீட்டினேன். அந்த இரண்டு நாளில் நான் செய்த ஒரே நல்ல காரியம் அதுதான்.

அவளிடமிருந்து வாங்கிய போன் இன்ஸ்பெக்டர் மேஜையில் இருந்தது. அதற்கு லாக். எத்தனை பேர் மிரட்டியும் அவள் நம்பரைச் சொல்லவில்லை. புதன்கிழமை மாலை இன்ஸ்பெக்டர் என்னைக் கூப்பிட்டார்.

"உன் ஊருப் பக்கந்தானே அந்தப் பொண்ணு? நம்மாண்ட வாயே தொறக்க மாட்டேங்குது. நீ பேசி வாங்கு. அப்புடியே இதுல ஒரு கையெழுத்தும் வாங்கிக்க." கையில் கொடுத்தது ஒரு வெள்ளைத்தாள். ஒரு எழுத்துகூட இல்லை.

நான் போய் அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். அதுவரை அவளிடம் ஸ்டேஷன் தமிழில்தான் பேசியிருந்தேன்.

"நீ எந்தூருட்டி?"

நிமிர்ந்து பார்த்தாள். "நாங்குநேரிப் பக்கம்."

"நான் களக்காடு. எங்கம்ம பொறந்தது நாங்குநேரிதான்."

அவ்வளவுதான். முகம் அப்படியே கலங்கிவிட்டது. இரண்டு நாளாக அழாதவள் அழுதாள். "அக்கா, என்னய எப்ப விடுவாவ? எங்கய்யாவுக்கு விசயம் தெரிஞ்சா தாங்க மாட்டாவ."

"நாளைக்கே விட்டுருவாவ. அந்தப் போன மட்டும் தொறந்து குடுத்துரு. பாத்துட்டுத் தந்துருவாவ."

"அதுல அந்த அண்ணன அடிச்சது இருக்குக்கா. அழிச்சிருவாவல்லா?"

"அழிக்க மாட்டாவ. நான் இருக்கேம்லா."

நம்பரைச் சொன்னாள். பிறகு தாளை நீட்டினேன். திருப்பிப் பார்த்தாள். "இதுல ஒண்ணுமே எழுதலியேக்கா?"

"உன்ன விட்டோம்னு ரைட்டரு பொறவு எழுதிக்கிடுவாரு. நீ அடியில போடு."

மேஜை இல்லாததால் என் முழங்கால் மேல் தாளை வைத்துக் கையெழுத்துப் போட்டாள். பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி, அப்பா பெயரின் முதலெழுத்தோடு, தெளிவாக.

வீடியோவை நான்தான் முதலில் பார்த்தேன். மாவுக்கட்டும் லத்தியும் நன்றாகவே தெரிந்தன. ஓரத்தில் நானும் தெரிந்தேன், கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தேன். அழித்தது நான் இல்லை. அழிப்பதைப் பார்த்துக்கொண்டு நின்றேன், அந்த வீடியோவில் நின்றது போலவே.

வியாழக்கிழமை மதியம் அவளை ஜாமீனில் விட்டார்கள், கேஸ் போட்டுத்தான். போன் மூலமாக வதந்தி பரப்பினாள், சாலையை மறிக்கத் தூண்டினாள் என்று. வெள்ளைத்தாளில் ரைட்டர் எழுதியிருந்தது இது: வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு அவளே ஸ்டேஷனுக்கு வந்தாள், தவறை ஒப்புக்கொண்டாள், போனைத் தானாகவே ஒப்படைத்தாள். செவ்வாயும் புதனும் காணாமல் போய்விட்டன. வெளியே போகும்போது என்னைப் பார்த்துத் தலையை ஆட்டிவிட்டுப் போனாள். நன்றி சொன்னாள் என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். தாளில் என்ன எழுதியிருந்தது என்று அவளுக்கு அப்போது தெரியாது.

கம்பெனி அவளை எடுத்துவிட்டது. ஊருக்குப் போய்விடுவாள், அதோடு முடிந்தது என்று எல்லாரும் நினைத்தோம். அவள் போகவில்லை. சிங்கப்பெருமாள் கோவில் பக்கம் ஒரு ரூமில் இரண்டு பேரோடு தங்கிக்கொண்டு, ஒரு வழக்கறிஞர் அம்மாவைப் பிடித்து, மனித உரிமை ஆணையத்தில் மனு போட்டாள். அரசாங்கம் என் உரிமையைப் பறித்தது, அதற்குப் பதில் சொல்ல வேண்டும் என்று. சம்மன் என் பெயருக்கும் வந்தது.

விசாரணைக்கு முதல் நாள் இன்ஸ்பெக்டர் சொன்னார். "ஆமா, இல்ல, ஞாபகம் இல்ல. இந்த மூணத் தாண்டி வாயத் தொறக்காத. இன்னாம்மா, புரியுதா?"

புரிந்தது. மெமோ வரும், ராமநாதபுரத்துக்கோ கோத்தகிரிக்கோ மாற்றுவார்கள், மகள் அப்போதுதான் புதுப் பள்ளிக்கூடத்தில் சேர்ந்திருந்தாள். இதெல்லாம் அன்று எனக்குப் பெரிய காரணங்களாகத் தெரிந்தன.

அந்த அறையில் அவள் எனக்கு எதிரே, நான்கு அடி தள்ளி உட்கார்ந்திருந்தாள். மெலிந்திருந்தாள். அவளுடைய வழக்கறிஞர் கேட்டார்.

"செவ்வாய்க்கிழமை இவரை ஹாஸ்டலிலிருந்து அழைத்துவந்தீர்களா?"

"இல்லை."

"தாளில் எழுதியிருந்ததைப் படித்துவிட்டுத்தான் இவர் கையெழுத்துப் போட்டாரா?"

"ஆமா."

அவள் எழுந்தே விட்டாள். "அக்கா, அதுல எழுத்தே இல்லியேக்கா!" உட்காரச் சொன்னார்கள். உட்கார்ந்தாள். எல்லார் முன்னாலும் பொய்க்காரி என்று என்னைத் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அப்போதும் அக்கா என்றுதான் கூப்பிட்டாள்.

பிறகு வழக்கறிஞர் ஒரு மெடிக்கல் பில்லை எடுத்து நீட்டினார். மாத்திரையும் நாப்கினும். செவ்வாய்க்கிழமை தேதி, மத்தியான நேரம், என் பெயர், எங்கள் ஸ்டேஷனுக்கு எதிர்க் கடை. காலி கவருக்குள் கிடந்ததை அவள் எடுத்து வைத்திருக்கிறாள்.

"இது நீங்கள் வாங்கியதுதானே? யாருக்கு வாங்கினீர்கள்?"

எனக்கு என்று சொல்லியிருக்கலாம். அதற்கும் வாய் வரவில்லை. "ஞாபகம் இல்லை" என்றேன். ஆணைய உறுப்பினர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். பிறகு எழுத ஆரம்பித்தார்.

உத்தரவு வர ஏழெட்டு மாதம் ஆனது. அந்தப் பெண்ணைச் சட்டவிரோதமாக இரண்டு நாள் அடைத்து வைத்தது நிரூபணமாகிறது, அரசியல் சட்டம் கொடுத்த உரிமை மீறப்பட்டிருக்கிறது, அரசு இழப்பீடு கொடுக்க வேண்டும், இன்ஸ்பெக்டர் மேல் துறை நடவடிக்கை எடுக்க வேண்டும் என்று எழுதியிருந்தார்கள். பத்தொன்பதாம் பக்கத்தில் என்னைப் பற்றி ஒரு வரி: பெண் காவலரின் சாட்சியம் நம்பத்தக்கதாக இல்லை. அந்த வரியை நான் எத்தனை தடவை படித்தேன் என்று தெரியாது. அரசாங்க முத்திரையோடு ஒருவர் என்னைப் பொய்க்காரி என்று எழுதியிருக்கிறார், அதில் ஒரு எழுத்துகூடத் தப்பில்லை.

இன்ஸ்பெக்டரை வேறு மாவட்டத்துக்கு அனுப்பினார்கள். அவள் மேல் போட்ட கேஸ் மட்டும் கோர்ட்டில் அப்படியே ஓடிக்கொண்டிருந்தது. அதிலும் நான் அரசு தரப்புச் சாட்சி. கூண்டில் ஏறினேன். அந்தக் கையெழுத்தைப் பற்றிக் கேட்டதும் சொல்லிவிட்டேன். தாளில் எதுவும் எழுதியிருக்கவில்லை, செவ்வாய்க்கிழமையே பிடித்து வந்தோம், வீடியோ இருந்தது, நான் பார்த்தேன். அரசு வழக்கறிஞர் திகைத்துப் போய் என்னைப் பிறழ்சாட்சி என்று அறிவிக்கச் சொன்னார். பொய் சொன்ன இடத்தில் போலீஸ்காரி, நிஜம் சொன்ன இடத்தில் பிறழ்சாட்சி. அடுத்த சில வாய்தாக்களில் அவளை விடுதலை செய்தார்கள்.

தீர்ப்பு நாளன்று கோர்ட் வாசலில் காத்திருந்தேன். அவள் வழக்கறிஞரோடு வந்தாள். என்னைப் பார்த்து நின்றாள்.

"மன்னிச்சிரு" என்றேன்.

அவள் கோபப்படவில்லை. கணக்கு வாத்தியார் தப்பைச் சுட்டிக் காட்டுவது போல நிதானமாகப் பேசினாள். "ஆணையத்துல நீங்க சொல்லிருந்தா இந்தக் கேசு அன்னைக்கே முடிஞ்சிருக்கும். அதுக்கப்பொறம் மூணு கம்பெனில போலீஸ் வெரிஃபிகேஷன்ல கேசு இருக்குன்னு திருப்பி அனுப்பிட்டாவ. எங்கய்யா கடைசி வரைக்கும், 'நெசமாவே நீ ஒண்ணும் செய்யலியா'ன்னு கேட்டுக்கிட்டேதான் போனாவ. இப்ப சொல்லுதியளே, இனும சொன்னா உங்கள யாரு என்ன செய்ய முடியும்?"

 அவள் சொன்னது அத்தனையும் சரி. இன்ஸ்பெக்டர் போய்விட்டார், ஆணையம் ஏற்கெனவே கண்டுபிடித்துவிட்டது, என் பெயர் ஏற்கெனவே கெட்டுவிட்டது. இழக்க ஒன்றும் இல்லாத நாளில்தான் எனக்கு நிஜம் வந்தது. அவள் ரோட்டைத் தாண்டி ஷேர் ஆட்டோவில் ஏறினாள். கடைசியில் பேசியபோது அவள் என்னை ஒரு தடவைகூட அக்கா என்று கூப்பிடவில்லை என்பது ஆட்டோ போன பிறகுதான் உறைத்தது.

நான் கோர்ட்டில் சொன்னது பேப்பரில் நான்கு வரியாக வந்தது. ஆணையத்தில் சொன்னது எதிலும் வரவில்லை. அதனால் என் வீட்டில் எனக்கு நல்ல பெயர். மகள் இப்போது பத்தாம் வகுப்பு. அடிப்படை உரிமைகள் பாடம் நடந்த அன்று, போலீஸாக இருந்துகொண்டே எங்கம்மா போலீசுக்கு எதிராக உண்மை சொன்னார்கள் என்று வகுப்பில் எழுந்து சொல்லியிருக்கிறாள். டீச்சர் என்னைக் கூப்பிட்டு, ஒரு நாள் வந்து பிள்ளைகளிடம் பேச முடியுமா என்று கேட்டார். டியூட்டி இருக்கிறது என்றேன். இன்னொரு தேதி சொன்னார். அன்றைக்கும் டியூட்டி என்றேன்.

மகளுக்குக் கோபம். சாப்பிடும்போது கேட்டாள். "ஏம்மா வர மாட்டேங்கிற? நீ நல்லதுதானே பண்ணின?"

தட்டைப் பார்த்தபடி "ஆமா" என்றேன்.