மூன்றாவது சங்கு

என் தங்கை மொயெலாங்கிக்கு முப்பத்தொரு வயது. பதினோரு ஆண்டுகளாக வெளிநாட்டுக்காரர்களை எங்கள் சவாயி தீவின் காட்டுக்குள் அழைத்துப் போகிறாள். எந்த மரத்துப் பட்டை எதற்கு மருந்து, பழந்தின்னி வௌவால்கள் எந்தக் கிளையில் தூங்கும், உறைந்த எரிமலைக் குழம்பில் எங்கே கால் வைக்கக் கூடாது என்பதெல்லாம் அவளுக்குத் தெரியும். அவளோடு போன ஒருவருக்கும் இன்று வரை கால் பிசகியதில்லை. விசாரித்துத்தான் எழுதுகிறேன்.

அருவிக்குப் போக ஒரே பாதை. அது பக்கத்து ஊரின் நடுவே போகிறது. மாலையில் அங்கே மூன்று முறை சங்கு ஊதுவார்கள். முதல் சங்குக்கு எல்லோரும் வீடு திரும்ப வேண்டும். இரண்டாவதற்கு ஜெபம் தொடங்கும். மூன்றாவது ஊதும் வரை தெருவில் காலடிச் சத்தம் கேட்கக் கூடாது.

போன ஜூன் மாதம் அருவியருகே நிற்கும்போது அவள் காதில் ஒரு சங்கு விழுந்தது. இரைச்சலில் முதல் சங்கு தப்பியிருக்கும், இது இரண்டாவது என்று நினைத்தாள். மெதுவாக நடந்து ஊர் எல்லைக்கு வந்தபோது இன்னொன்று ஒலித்தது. ஜெபம் முடிந்தது என்று ஆறு விருந்தாளிகளோடு உள்ளே நுழைந்தாள். ஈரத் துணியும் சிரிப்புமாக அவர்கள் நடந்தது ஜெபத்தின் நடுவில்.

மறுநாளே அவளுக்குப் பாதை மூடப்பட்டது.

"அபராதமா பன்னி கேட்டிருந்தா குடுத்திருக்கலாம் அண்ணா. ஒண்ணுமே கேக்கல. அதான் பயமா இருக்கு. மன்னிப்பு கேட்டு, வழக்கப்படி பாயப் போத்திக்கிட்டு அந்த ஊர்த் தலைவர் வீட்டு முன்னால உக்காரப் போறேன்."

"உக்காரு. நான் செத்த அப்புறம்."

எங்கள் வழக்கத்தில் தங்கையின் தலைகுனிவை அண்ணன்தான் சுமக்க வேண்டும். அவள் விட்டுக்கொடுக்கவில்லை. அம்மா மூன்று வருடம் நெய்து அவள் கல்யாணத்துக்கு வைத்திருந்த மெல்லிய பாயின் கீழ், விடிந்ததும் இருவருமே உட்கார்ந்தோம். மதியத்துக்குள் தலைவர் லெயாவாசா பாயை விலக்காவிட்டால் எழுந்து போக வேண்டியதுதான். பாதையும் அதோடு சரி.

வெயில் ஏறியது. உள்ளே மூச்சு முட்டியது.

"உன் முழங்கால் முதுகுல குத்துது அண்ணா."

"நீதான சின்னப் பாயா எடுத்துட்டு வந்த."

"உன்னை யாரு கூப்பிட்டா? வயித்த உள்ள இழு."

"காலையில ஒரு பிடி கிழங்குகூட திங்கல. இதுக்கு மேல எங்க இழுக்கறது?"

காலடிச் சத்தம் கேட்டது. பாய் விலகியது. லெயாவாசா நின்றார், உதட்டைக் கடித்துக்கொண்டு.

"சண்டை போட்டுக்கிட்டே மன்னிப்பு கேக்கற ஆளுங்கள இப்பதான் பாக்கறேன். ஏம்மா, உனக்கு மூணு வரைக்கும் எண்ணத் தெரியாதா?"

"எண்ணினேன் ஐயா. ஊதாத ஒண்ணையும் சேத்து எண்ணிட்டேன்."

அருவியைக் காட்டி அவள் பழி சொல்லவில்லை. விருந்தாளிகளையும் சொல்லவில்லை. அதை நான் பக்கத்திலிருந்து கேட்டேன்.

அவர் பாயை மடித்து மனைவியிடம் கொடுத்தார். ஏற்றுக்கொண்டார் என்று அர்த்தம்.

"இனிமே எண்ண வேணாம். முன்னாடியே கெளம்பி ஆளுங்கள இங்க கூட்டிட்டு வந்துடு. எங்களோட ஜெபத்துல உக்காந்து பாடட்டும். ஈரத் துணியோட வேணாம்."

இப்போது அவள் பையில் எட்டு இடுப்புத் துணிகள் இருக்கின்றன. விருந்தாளிகள் அவற்றைக் கட்டிக்கொண்டு, கால் மடித்து உட்கார்ந்து, எங்கள் பாட்டைத் தப்பும் தவறுமாகப் பாடுகிறார்கள். லெயாவாசா இதுவரை ஒருவரையும் திருத்தியதில்லை.