உப்புப் படாத தரை

உப்பளத்துப் பெண்களை ஏற்றிப்போகும் என் வேனுக்கு எஞ்சின் நன்றாகத்தான் இருந்தது. தரைத் தகடுதான் உப்பில் துருப்பிடித்துப் போய்விட்டது. மரக்காணத்தில் எந்த வண்டியும் கீழேயிருந்துதான் சாகும். பிரேக்கை மிதித்தால் காலடியில் ரோடு ஓடுவது தெரிந்தது. வீட்டுக்காரர் துபாயில் இருக்கிறார். அவருடைய அண்ணன், அதாவது என் மூத்தார், "பழைய இரும்புக்குப் போட்டுட்டு வூட்டோட இரும்மா" என்றார். நான் ஸ்டீரிங்கைப் பிடித்த நாள் முதலே அதைச் சொல்லக் காத்திருந்தவர். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

வானூர் பக்கம் விபத்து வண்டிகளை ஏலம் விடுவதாகக் கேள்விப்பட்டுப் போனேன். என் வேனின் அதே மாடலில் ஒன்று முகம் நசுங்கி நின்றது. அதில் டிரைவர் இறந்துபோனார் என்று தெரிந்ததும் ஏலம் கேட்க வந்த ஆண்கள் ஒதுங்கிவிட்டார்கள். நான் கொண்டுபோன கோணியை விரித்து, சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு வண்டிக்கு அடியில் படுத்தேன். யாரோ சிரித்தார்கள். சிரிக்கட்டும். கடல் காற்றே படாத ஊர் வண்டி அது. தரையில் பொட்டுத் துரு இல்லை. எனக்குப் போட்டியாக யாரும் கேட்கவில்லை. டிங்கர் கடையில் அந்தத் தரையை வெட்டியெடுத்து என் வேனில் வைத்து வெல்டிங் அடித்துக் கொடுத்தார்கள்.

முதல் நாள் விடியலில் வண்டியைக் கிளப்பப் போனபோது மூத்தார் கை நிறையக் கல்லுப்போடு வந்து நின்றார். வண்டியைச் சுற்றிப் போட்டு, உள்ளேயும் தூவினால்தான் செத்தவன் விடுவானாம். ஏற வந்த பெண்களும் அவர் கையையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். அவர்கள் ஏறாவிட்டால் என் பிழைப்பு அன்றோடு சரி. ஆனாலும் கதவை மறித்துக்கொண்டேன்.

"செத்தவரால இந்த வண்டிக்கு ஒண்ணும் ஆவாது மாமா. உப்பு பட்டாதான் ஆவும். என் பழைய தரையைத் தின்னது பேயா, இந்த உப்பா?"

பயமிருக்கிறவர்கள் நடந்தே வரலாம் என்று பெண்களிடம் சொல்லிவிட்டு ஏறி உட்கார்ந்தேன். திரும்பிப் பார்க்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்துப் பின்கதவு திறந்தது.

சாயங்காலம் அளத்திலிருந்து வந்தவர்கள் உடனே ஏறாமல் வெளியிலேயே நின்றார்கள். இறங்கிப்போய்ப் பார்த்தேன். பாட்டிலில் மிச்சமிருந்த குடிதண்ணீரை ஊற்றி, காலில் ஒட்டியிருந்த உப்பைக் கழுவிக்கொண்டிருந்தார்கள்.