துருவக் கடலுக்குப் போக மேடவாக்கத்தில் ஏறினேன்

ஆயுத பூஜை அன்று காலை ஒன்பதரை மணிக்கு மேடவாக்கத்தில் கிளம்பினேன். போக வேண்டிய இடம் தாம்பரம் சானடோரியம். சுமார் பன்னிரண்டு கிலோமீட்டர். இதற்கெல்லாம் ஒரு பயணக் கட்டுரையா என்று கேட்பீர்கள். அந்தப் பன்னிரண்டு கிலோமீட்டரை ஒழுங்காகக் கடந்தால்தான் நான் தென்துருவக் கடலுக்குப் போக முடியும் என்ற நிலை. அதனால் எழுதுகிறேன்.

நான் ஒரு கடல் ஆராய்ச்சி அலுவலகத்தில் டெக்னீஷியன். இந்த வருடம் தென்துருவம் போகும் கப்பலில் எனக்கு ஓர் இடம் கொடுத்திருந்தார்கள். வேலை ஒன்றே ஒன்று. கப்பலில் பொருத்தும் ஒரு கருவியைப் பார்த்துக்கொள்வது. கடலுக்கும் அதன் மேலே இருக்கும் வானத்துக்கும் நடுவே எவ்வளவு வெப்பம் கைமாறுகிறது என்று கணக்குப் போட உதவும் கருவி அது. உள்ளங்கை அளவு. தலையில் ஒரு சின்னக் குமிழ். குமிழின் மேல் மெல்லிய பூச்சு. அந்தப் பூச்சு வெயிலை வெளியே நிறுத்தும். வானத்திலிருந்து வரும் வெப்பத்தை மட்டும் உள்ளே விடும்.

முந்தின நாள் அலுவலகத்தில் பூஜை. நான் பயணத்துக்கான உடல் பரிசோதனைக்குப் போயிருந்தேன். எங்கள் அதிகாரி, கடல் வெப்பத்திலேயே டாக்டர் பட்டம் வாங்கியவர், எல்லாக் கருவிகளையும் வரிசையாக வைத்துச் சந்தனம் குங்குமம் இட்டிருக்கிறார். கம்ப்யூட்டருக்கு இட்டார், பிரிண்டருக்கு இட்டார், சரி. என் கருவிக்கு எங்கே இட்டார்? குமிழின் உச்சியில். இரவெல்லாம் அது காய்ந்திருக்கிறது. காலையில் அவருக்கே உறைத்து, கர்சீப்பால் அழுத்தித் துடைத்திருக்கிறார்.

“துடைச்சுட்டேன்மா, பளிச்சுன்னு இருக்கு” என்றார் போனில்.

“காஞ்ச சந்தனம் மணல் மாதிரி சார். அதை வச்சுத் தேய்ச்சிருக்கீங்க.”

“சரி, யார்கிட்டயாவது காட்டி சரி பண்ணு. சாயங்காலம் அஞ்சு மணிக்கு லாரி வருது. கருவி பெட்டியில ஏறலேன்னா கப்பல்ல உனக்கு என்ன வேலை? அந்த இடத்தை வேற யாருக்காவது கொடுத்துருவாங்க.”

பொட்டு வைத்தவர் அவர். இடம் போவது எனக்கு.

மேடவாக்கத்தில் இருக்கும் அலுவலகத்துக்குப் போய்க் கருவியை வாங்கிக்கொண்டு வெளியே வந்தேன். ஆப்பில் ஆட்டோ கிடைக்கவில்லை. தெருவில் ஒருவர் முந்நூற்றைம்பது கேட்டார், ஏறினேன். பெயர் ஏழுமலை. வண்டியின் இரண்டு பக்கமும் வாழைக்கன்று கட்டியிருந்ததால் கண்ணாடியில் பின்னால் வருவது எதுவும் அவருக்குத் தெரியவில்லை. அதைப் பற்றி அவருக்குக் கவலையும் இல்லை. செம்பாக்கத்தில் சாலையைத் தோண்டிப் போட்டிருக்கிறார்கள் என்று யாரோ சொன்னார்களாம். கீழ்க்கட்டளை வழியாகச் சுற்றிப் போகலாம் என்றார்.

“இன்னாக்கா அது, கொயந்தைய மாறி மடில வச்சிக்கினு வர்றே?”

“கருவி. கடல்லேர்ந்து எவ்ளோ சூடு மேல போகுதுன்னு பார்க்கிறதுக்கு.”

“எந்தக் கடலு?”

“தென்துருவம். ஐஸ் கடல்.”

அவர் திரும்பியே பார்த்துவிட்டார். “ஐஸ் கடல்ல ஏதுக்கா சூடு? காலங்காத்தால கலாய்க்கிறியா?”

எரிச்சலாக இருந்தாலும் சொன்னேன். அங்கே தண்ணீர் பூஜ்யத்துக்குக் கீழே இரண்டு டிகிரி வரைதான் குளிரும், அதற்கு மேல் குளிர்ந்தால் உறைந்துவிடும். மேலே இருக்கும் காற்றோ இருபது, முப்பது டிகிரி கீழே போகும். அந்தக் காற்றுக்கு அந்தத் தண்ணீர் வெந்நீர்.

ஏழுமலை கொஞ்சம் யோசித்தார். “எங்க வூடு பனையூர் குப்பம். மார்கழில அப்பா கூட கடலுக்குப் போவேன். குளுரு தாங்கலன்னா கைய தண்ணிக்குள்ள வுட்டுக்குவோம். வெதுவெதுன்னு இருக்கும். அத்த சொல்றியா?”

“அதேதான். அங்க அது பல மடங்கு. ஐஸ் மூடி போட்ட மாதிரி மேல கிடக்கும். எங்கயாவது விரிசல் விட்டா, இட்லி குண்டானைத் திறந்த மாதிரி குபுகுபுன்னு ஆவி வரும்.”

“வந்தா வந்துட்டுப் போவுது. உனுக்கு இன்னா அதால?”

“சூட்டை விட்ட தண்ணி கனத்து அடியில இறங்கும். இறங்கி உலகம் பூரா கடலுக்கு அடியில போகும். அந்தப் போக்குவரத்து மாறினா எல்லா ஊரு வெயிலும் மழையும் மாறும், நம்ம ஊரு உட்பட.”

“மழ பெஞ்சா மேடவாக்கமே கடலுதான். ஒரு படகு எட்த்துக்கினு இங்கியே அளந்துக்கோயேன்.” அவருடைய நகைச்சுவைக்கு அவரே சிரித்தார்.

பத்தேகால் மணிக்குக் கீழ்க்கட்டளை. கடைக்குக் கடை பூசணிக்காய் உடைத்திருந்தார்கள். நடுரோட்டில் சிவப்புத் தண்ணீரும் பூசணிச் சதையும். வழுக்கி விழுந்த ஒரு ஸ்கூட்டரைத் தூக்கிக்கொண்டிருந்தவர்கள், பக்கத்திலேயே அடுத்த பூசணிக்காய் விழுவதைத் தடுக்கவில்லை. வண்டிகள் நகரவில்லை. அந்த நேரம் பார்த்து ஏழுமலை ஆட்டோ ஸ்டாண்டு ஓரம் வண்டியை நிறுத்தினார்.

“ரெண்டே நிமிசம்க்கா. நம்ம மச்சான் ஸ்டாண்டு. பூஜை போட்டுக்கினு கீறாங்க. கண்டுக்காம போனா பேஜாரு.”

இரண்டு நிமிடம் அரை மணி நேரமானது. சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்தார்கள், கற்பூரம் காட்டினார்கள், பொரி கொடுத்தார்கள். சந்தனக் கிண்ணத்தோடு ஒருவர் வந்தார். ஹேண்டில்பாருக்கு வைத்தார், மீட்டருக்கு வைத்தார், அடுத்து என் மடியைப் பார்த்துக் கையை நீட்டினார்.

“கையை எடுங்க!”

நான் போட்ட சத்தத்தில் மேளக்காரர்களே நிறுத்திவிட்டார்கள்.

“இன்னாம்மா, வெடிகுண்டா வச்சிருக்க?” என்றார் அவர்.

“பொட்டு ஏற்கெனவே வச்சாச்சு. அதனாலதான் இங்க வந்து மாட்டிக்கிட்டிருக்கேன்.”

பல்லாவரம், குரோம்பேட்டை, ஜிஎஸ்டி சாலை. மேகம் விலகி வெயில் சுள்ளென்று அடித்தது. பதினொன்றரை மணிக்குச் சானடோரியம் போய்ச் சேர்ந்தோம்.

கற்பகம் அக்கா அங்கே ஒரு சந்தில் பட்டறை வைத்திருக்கிறார். தொழிற்சாலை மீட்டர்கள், வானிலைக் கருவிகள் பழுது பார்ப்பவர். என் கருவிகள் எல்லாம் அவரிடம்தான் போய் வரும். ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. உள்ளே வாழையிலையில் ஸ்க்ரூ டிரைவர், லென்ஸ், சாலிடரிங் அயர்ன், அவருடைய மீட்டர், எல்லாம் பொட்டோடும் பூவோடும் கிடந்தன.

“நாளைக்குக் காலைல மறுபூஜை போட்டுத்தான் எடுப்பேன், பானு” என்றார்.

“நாளைக்கு இது துறைமுகத்துல இருக்கணும் அக்கா.”

“அதுக்கு நான் என்ன பண்றது? வருஷத்துல ஒரு நாள் அதுங்களுக்கு லீவு. எனக்குத்தான் கிடையாது, அதுங்களுக்காவது இருக்கட்டும்.”

“சாமி கும்பிடறேன்னு சொல்லித்தான் இந்தக் கதி. நீங்களுமா?”

“சாமியை ஏண்டி திட்டற? பொட்டு வச்சது சாமியா, உங்க ஆபீசரா?” கருவியை வாங்கி ஒரு சுற்றுப் பார்த்தார். முகம் மாறியது. “என் டூலைத் தொட மாட்டேன். கை சும்மாதான் இருக்கு. உன் மீட்டர் எடுத்துட்டு வந்திருக்கியா?”

என் மீட்டர் என் கைப்பையில் இருந்தது. நான் அலுவலகத்தில் இல்லாததால் அது பூஜைக்குத் தப்பியிருந்தது.

காய்ச்சி வடித்த தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக விட்டு, ஓரத்தில் ஒட்டியிருந்த சந்தனத்தை ஊற வைத்து, ஈரப் பஞ்சால் ஒற்றி எடுத்தார். தேய்க்கவே இல்லை. ஒரு மணி நேரம் ஆனது. குமிழைச் சாய்த்துப் பிடித்தபோது கர்சீப் போன வழியெல்லாம் மயிரிழை மாதிரி கோடுகள்.

மொட்டை மாடிக்குப் போனோம். கருவியை வெயிலில் வைத்து என் மீட்டரில் இணைத்தேன். கற்பகம் அக்கா நியூஸ் பேப்பரை உயர்த்திச் சூரியனை மட்டும் மறைத்தார். பூச்சு நன்றாக இருந்தால் மீட்டரில் எண் ஏறக்குறைய அப்படியே நிற்க வேண்டும். நிற்கவில்லை. பேப்பரை எடுத்தால் குதித்தது, மறைத்தால் விழுந்தது. மறுபடி செய்தோம். மறுபடியும். நானே பேப்பரை வாங்கிப் பிடித்துப் பார்த்தேன்.

“குங்குமம் போயிடுச்சு, கீறல் போகாது” என்றார் அவர். “வெயில் உள்ள வருதுடி. புதுக் குமிழ் வெளிநாட்டுலேர்ந்துதான் வரணும்.”

அதிகாரிக்குப் போன் செய்தேன்.

“கீறல்தானே? அதை யாரு பார்க்கப் போறா? பெட்டில வை. நீயும் கிளம்பு” என்றார். அன்பாகத்தான் சொன்னார். அதுதான் எனக்கு இன்னும் கோபத்தைக் கிளப்பியது.

வாயை மூடிக்கொண்டால் நான் கப்பலில் இருப்பேன். உடல் பரிசோதனையில் தேறியாயிற்று, கம்பளிக் கோட்டு வாங்கியாயிற்று, காலனி முழுக்கச் சொல்லியுமாயிற்று. ஆனால் கப்பல் போகும் நேரம் அங்கே கோடைக்காலம். தெற்கே போகப் போகச் சூரியன் மறையவே மறையாது. அந்த வெயிலும் குமிழுக்குள் புகுந்து, வானத்தின் வெப்பத்தோடு சேர்ந்து ஒரே எண்ணாக விழும். அந்த எண்ணை வைத்துக் கடல் எவ்வளவு வெப்பத்தை விட்டது, எவ்வளவு வாங்கியது என்று கணக்குப் போடுவார்கள். அதை நம்பி எங்கோ ஒருவர் அடுத்த கணக்குப் போடுவார். அதில் வெயில் எவ்வளவு என்று யாராலும் பிரித்தெடுக்க முடியாது.

“சார், தப்பா அளக்கிறதுக்கு அவ்ளோ தூரம் எதுக்குப் போகணும்? தாம்பரத்துலயே அளக்கலாம்.”

“அப்ப உன் இஷ்டம்மா. இடம் போயிடும், தெரியும்ல?”

“தெரியும்.”

கற்பகம் அக்கா கீழே போய் ஒரு தட்டில் சுண்டல் கொண்டுவந்து வைத்தார். சாப்பிட்டேன், பசி.

சானடோரியத்திலிருந்து வீடு இருக்கும் இரும்புலியூருக்கு ஷேர் ஆட்டோவில் இருபது ரூபாய். ஏழு பேர் இடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். உடம்பும் காற்றும் ஒரே சூட்டில் இருந்தன. வியர்வை காயவில்லை. இங்கே வெப்பம் போக வழியே இல்லை. அங்கே ஐஸில் ஒரு விரிசல் விட்டால் போதும், கடல் அத்தனையையும் வானத்துக்குக் கொடுத்துவிடும். அதைப் பக்கத்தில் நின்று பார்க்கத்தான் ஆசைப்பட்டேன்.

கப்பல் கிளம்பிவிட்டது. என் இடத்தில் வேறொருவர் வேறொரு வேலைக்குப் போயிருக்கிறார், நல்ல பிள்ளை. இந்தப் பயணத்தின் அளவு அட்டவணையில் என் கருவிக்கான பத்தி காலியாக இருக்கும். ஏன் காலி என்று அதிகாரியைக் கேட்பார்கள். பதில் சொல்லட்டும்.