அப்பாவின் நாற்காலியில் வளர்த்த மூட்டைப்பூச்சிகள்

அம்மாவின் தம்பி, என் மாமா, தாம்பரத்திலிருந்து கடற்கரைக்குப் போகும் மின்சார ரயிலில் மூட்டைப்பூச்சி மருந்து விற்றார். மருந்தை அவரே கலப்பார். வண்டி கிளம்பியதும் கண்ணாடிக் குப்பியில் ஒரு பூச்சியைப் போட்டு, இரண்டு சொட்டு விடுவார். குரோம்பேட்டை வருவதற்குள் அது மல்லாந்துவிடும். நாலைந்து பாட்டில் விற்கும்.

குப்பிக்குப் பூச்சி பிடித்துத் தருவது என் வேலை. மாமா எங்கள் வீட்டுக் கட்டில்களுக்கு மருந்து பூசிய மறுநாள், செத்தவற்றைப் பெருக்கித் தள்ளுவேன். இன்னும் ஊர்கிறவற்றைத் தீப்பெட்டியில் எடுத்துக்கொள்வேன். செத்ததை வைத்து என்ன வித்தை காட்டுவது? ஆனால் பூச்சிகள் குறைந்துகொண்டே வந்தன. மாமாவின் பிழைப்பு கெட்டுவிடுமே என்று பயந்து, பிழைத்தவற்றில் சிலவற்றை அப்பாவின் பிரம்பு நாற்காலியில் விட்டு வளர்த்தேன். அப்பா மாலையில் அதில் உட்கார்ந்து பேப்பர் படிப்பார். அவற்றுக்குச் சாப்பாட்டுக் கவலை இல்லை. கடி தாங்காமல் அவர் கத்தினால் மாமா நாற்காலிக்கும் மருந்து பூசுவார். மிஞ்சியதை மறுபடி நான் அதிலேயே விடுவேன். மாமாவிடம் இதைச் சொல்லவில்லை. இப்படியே இரண்டு வருடம் போயிற்று.

ஒரு விடுமுறை நாளில் அவரோடு நானும் வண்டியேறினேன். குரோம்பேட்டை போனது. பல்லாவரமும் போனது. குப்பிக்குள் பூச்சி நிதானமாக நடந்துகொண்டிருந்தது. அதே மருந்து, அவர் கலந்ததை நானே பார்த்தேன். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.

"இன்னாபா, உன் மருந்த குட்ச்சிட்டு அது ஜாலியா வாக்கிங் போய்கினு கீது!" என்றாள் பூக்கூடைக்காரி.

"மருந்து இல்லக்கா, டானிக்கு," என்றான் ஒருவன்.

முந்தின வாரம் பாட்டில் வாங்கிய ஒருவர் மாமாவின் சட்டையைப் பிடித்தார். தீப்பெட்டியோடு நின்ற என்னையும் பார்த்துவிட்டார். "டேய், நீ இவன் கூட்டாளியா?"

"இல்ல சார். இவர் யாருன்னே எனக்குத் தெரியாது," என்றேன்.

மாமா என்னை ஒரு கணம் பார்த்தார். "ஆமா சார், யாரோ பையன். அவன வுட்டுடுங்க," என்றார். மீனம்பாக்கத்தில் அவரை மட்டும் இறக்கி அடித்தார்கள். வண்டி என்னோடு நகர்ந்துவிட்டது.

அதன்பின் அவர் மருந்து விற்கவில்லை. அளவு தப்பிவிட்டது என்றே சாகும்வரை நம்பினார். நான் விலங்கியல் படித்து, கல்லூரியில் பாடமும் நடத்தினேன். மருந்தைத் தாங்கியவை மட்டும் பிழைத்துக் குஞ்சு பொரிக்கும். அந்தத் தாங்கும் தன்மை குஞ்சுகளுக்கும் இறங்கும். அதனால் சில தலைமுறைகளில் கூட்டமே மாறிவிடும் என்று மாணவர்களுக்குச் சொன்னேன். தாங்கியவற்றைத் தேடிப் பொறுக்கி வளர்த்தவன் நான் என்பதை மாமாவிடம் மட்டும் சொல்லவில்லை. அவர் எங்கள் வீட்டுக்கு வந்துபோய்க்கொண்டுதான் இருந்தார்.

அடிபட்ட அன்று மாமா உதடு வீங்கி எங்கள் வீட்டுக்கு வந்தபோது நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. அத்தனை பேர் முன்னால் என்னை யாரோ பையன் என்று சொல்லிவிட்டாரே என்று, ஒரு வாரம் அவரோடு பேசாமல் இருந்தேன்.