கேட்காமல் போட்ட பன் துண்டு

போன மாதம் தேய்பிறை அஷ்டமியன்று, என் ஒன்பது வயது மகள் நிலாவுடன் பிரேசர் டவுனில் ஒரு கஃபேக்குப் போனேன். அங்கே நாய்களுக்கும் அனுமதி உண்டு. பக்கத்து மேசைக்கு அடியில் ஒரு பெரிய நாய் படுத்திருந்தது. அஷ்டமியில் பைரவரை நினைத்து நாய்க்கு ஏதாவது போடுவது எங்கள் வீட்டு வழக்கம். அந்த நாயை அழைத்து வந்த இளைஞரைக் கேட்காமலே ஒரு பன் துண்டைக் கீழே போட்டேன்.

அந்த நேரம் பார்த்து நிலா, கைதவறி விழுந்த ஸ்பூனை எடுக்கக் குனிந்தாள். பன்னைப் பிடுங்க வருகிறாள் என்று நினைத்ததோ என்னவோ, நாய் உறுமிக்கொண்டு பாய்ந்தது. இளைஞர் சட்டென்று இழுத்துப் பிடித்தார். நிலாவின் சட்டைக் கை கிழிந்திருந்தது.

"இதையெல்லாம் ஏம்ப்பா உள்ள கூட்டிட்டு வர்றே?" என்று கத்தினேன்.

"சாரி ஆன்ட்டி. சாப்பிடறப்ப யாரும் கிட்ட போகக் கூடாது. பன் யாரு போட்டது?"

"அம்மாதான்" என்றாள் நிலா, அழுகைக்கு நடுவே.

உடனே நிலாவைப் பக்கத்துக் கிளினிக்குக்குக் கூட்டிப் போனேன். டாக்டர் அவள் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "ஒரு கீறல்கூட இல்லம்மா" என்ற பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

நாய்களை உள்ளே விடலாமா என்றால், எனக்கு இன்னும் பயம்தான். ஆனால் அன்று தப்பு என்னுடையது. இப்போதெல்லாம் வளர்ப்பவரைக் கேட்காமல் எந்த நாய்க்கும் எதையும் கொடுப்பதில்லை. அவர் சரி என்றாலும், நிலாவை எனக்கு மறுபக்கம் உட்கார வைத்துவிட்டுத்தான் கொடுக்கிறேன்.